சூடு தெரியாத இடது காது

போன வாரக் கதையில், முன்னால் நீட்டிக்கொண்டிருந்த காதுகளைத் தலையோடு ஒட்ட வைக்கும் ஆபரேஷன் முடிந்த மகளை, தலையைச் சுற்றிய வெள்ளைக் கட்டோடு விட்டுவிட்டு வந்தோம். ஒருக்களித்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இரண்டு பக்கமும் தலையணைகளை அடுக்கிக்கொண்டு நடுவில் அசையாமல் தூங்கிப் பழகிக்கொண்டிருந்தாள். கட்டுக்குள் அரித்தது. சொறிய வழியில்லை. பாவம், அரிக்கும்போதெல்லாம் பக்கத்துத் தலையணையைச் சொறிந்துகொண்டாள்.

அந்தக் கட்டை முந்தாநாள் அவிழ்த்தாயிற்று.

கட்டைப் பிரித்தவுடன் புதுக் காது பளிச்சென்று வெளியே வந்து நிற்கும் என்று நீங்கள் நினைத்திருந்தால், மகளுக்கும் உள்ளுக்குள் அப்படி ஓர் ஆசை இருந்தது. வந்தவை வீங்கி, ஓரமெல்லாம் ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப்போன இரண்டு காதுகள். ஆனால் தலையோடு ஒட்டியிருந்தன. பிறந்ததிலிருந்து முன்னால் வந்து நின்று ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காதுகள், ஒருவழியாகப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டன.

வீக்கம் வடிய வாரக்கணக்கில் ஆகும். மரத்துப்போன காதில் உணர்ச்சி திரும்ப மாதக்கணக்கில் ஆகும். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்காது, யாருக்குமே இருப்பதில்லை. இரவில் தலையைச் சுற்றிப் பட்டை போட்டுக்கொண்டுதான் படுக்க வேண்டும். டாக்டர் சொன்ன இதையெல்லாம் மகள் மனப்பாடமாக வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தயாராகவும் இருந்தாள். அவள் தயாராக இல்லாதது அம்மாவின் மௌனத்துக்குத்தான்.

அப்பாவாவது ஏதோ சொன்னார். "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, காலையில் கழுவிய காரை மறுபடி கழுவப் போய்விட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மகளின் காது அவர் கொடுத்த சொத்து. இரண்டு பக்கமும் கைப்பிடி இருப்பதால் டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு 'ஜாடி' என்று பெயர். போனில் யாராவது அப்படிக் கூப்பிட்டாலும் சாதாரணமாகப் பேசுவார். மகள் ஆபரேஷன் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, "உன் காது, உன் இஷ்டம்" என்றார்.

அம்மா அதைக்கூடச் சொல்லவில்லை. கட்டு அவிழ்ந்த காதுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். "தையல் சுத்தமா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

அம்மா பார்லர் வைத்திருப்பவள். மாடியில் வீடு, கீழே கடை. மகளுக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவள் தலைமுடியை வேறு யாரும் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும், காது மேல் முடி வந்து விழுந்தால்தான் அம்மா வாசலைத் தாண்ட விடுவாள். காற்றடித்தால் கலையாமல் இருக்க ஒரு வெட்டு, மழையில் நனைந்தால் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வெட்டு என்று தன் தொழில் வித்தை முழுவதையும் அந்தச் சின்னத் தலையில் காட்டினாள். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மகள் கேட்டபோது மட்டும் ஏதோ காரணம் சொல்லித் தட்டிக் கழித்துவிட்டாள். தண்ணீருக்கு முன்னால் எந்த வெட்டும் நிற்காது.

அந்த வீட்டில் யாரும் மகளின் காதைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசியதில்லை. நல்லதாகவும் பேசியதில்லை. வாயால் சொல்லாவிட்டால் பிள்ளைக்குத் தெரியாது என்று பெரியவர்களுக்கு ஒரு நினைப்பு. பிள்ளைக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் தெரியும்.

மகள் ஒரு பெரிய ஹோட்டலின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். வரவேற்பு மேசைக்கு வருகிறாயா என்று மேனேஜர் அம்மா இரண்டு முறை கேட்டும் சாக்குச் சொல்லித் தப்பித்தவள். அந்த மேசையில் நிற்பவர்கள் முடியை முழுக்கப் பின்னால் வாரிக் கொண்டை போட வேண்டும் என்பது விதி. மூன்றாவது தடவை கேட்டபோது சரி என்று சொல்லிவிட்டு, நேராக டாக்டரிடம் போனாள். அந்தக் கதையெல்லாம் போன வாரமே சொல்லியாயிற்று. இன்று மதியம் அவளுக்குச் சீருடை அளவு பார்த்துப் புகைப்படம் எடுக்கிறார்கள்.

அதற்கு முன்னால் காலையில் ஒரு காரியம் இருந்தது. தலை குளிக்க இன்றுதான் அனுமதி.

இத்தனை நாளும் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்த மகளின் தலையைப் பார்த்து அம்மாவுக்குக் கை பரபரத்துக்கொண்டிருந்தது. கடை திறக்கும் முன்பே அவளைக் கீழே கூட்டிப்போய், கழுவும் தொட்டியில் தலையைச் சாய்க்க வைத்தாள். காதுப் பக்கம் ஒரு சொட்டு நுரை போகாமல் அலசினாள். அந்த விரல்கள் தலையில் ஓடியபோது மகளுக்குக் கண் சொருகியது. என்ன கோபம் இருந்தாலும் அம்மா தலை கழுவிவிட்டால் அது பாதியாகிவிடும், அது சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

கண்ணாடி முன்னால் உட்கார வைத்ததும் மகள் சொன்னாள், "காயவச்சிட்டு மேல தூக்கிக் கொண்டை போட்டுடும்மா. காது முழுசா தெரியணும்."

அம்மா "ம்" என்றாள்.

பார்லர்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிரையர் பிடித்துப் பிடித்து அவர்கள் கைக்குச் சூடு உறைக்காது. அதனால் தங்கள் கையை நம்பாமல், நாற்காலியில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டுத்தான் வேலை செய்வார்கள். சூடா இருக்கா, தாங்குதா, குறைக்கட்டுமா என்று வாய் கேட்டுக்கொண்டே இருக்கும். 'ஸ்' என்று ஒரு சத்தம் வந்தால் கை தானாக விலகும். இத்தனை வருஷத்தில் அம்மா ஒரு கஸ்டமரின் காதையும் சுட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

"சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

அம்மா ஒரு படி கூட்டினாள்.

காது மரத்துப்போயிருப்பது அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். கட்டு அவிழ்த்த அன்று மகளே காது மடலைக் கிள்ளிக் காட்டி, வேறு யாருடைய காதையோ தொடுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். முடியைக் காயவைக்கச் சூடே வேண்டாம் என்று நர்ஸும் சொல்லி அனுப்பினாள். அதைச் சொன்ன நேரத்தில் அம்மா, நர்ஸின் முடி நுனி பிளந்துபோயிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் சொன்னது மகள் காதில் விழுந்தது. ஆனால் டிரையர் பிடிப்பது அம்மா. முடி விஷயத்தில் அம்மாவுக்குத் தெரியாததா என்று அவள் விட்டுவிட்டாள்.

வலது பக்கம் சீக்கிரம் முடிந்தது. இடது பக்கம்தான் நேரம் எடுத்தது. கொண்டை போடப்போகிற தலைக்குப் பக்கவாட்டு முடியை இவ்வளவு பாடுபட்டுப் படிய வைக்க வேண்டியதே இல்லை. கைதான் பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உருளைச் சீப்பில் சுருட்டி, காதின் மேல் வளைந்து விழும்படி, அந்த ஒரு கற்றையின் மேலேயே டிரையரைப் பிடித்து நின்றது. அது ஏன் அங்கேயே நிற்கிறது என்று அம்மாவும் கேட்கவில்லை.

"சூடா இருக்கா?"

"ம்ஹூம்."

சீப்பை விலக்கியபோது அம்மா பார்த்தாள். இடது காதின் மேல் விளிம்பில் தோல் சிவந்து, நடுவில் பளபளவென்று ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது.

டிரையரை அணைத்தாள். அடுத்துச் செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. சீப்பை எடுத்து, முடியை முன்னால் இழுத்து, காதை மூடினாள்.

மகள் கண்ணாடியில் அதைப் பார்த்தாள். "மேல கட்டணும்னு சொன்னேன்லம்மா."

"இன்னைக்கு இப்படியே இருக்கட்டும். வீக்கம் தெரியுது."

"தெரிஞ்சா என்ன? வெட்டித் தச்சு ஒட்ட வச்ச பிறகும் உனக்கு அதை மறைக்கணும். அப்படித்தானே?"

மகள் முடியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் குனிந்தாள். கொப்புளத்தைப் பார்த்தாள். தொடப்போன விரலை அம்மா பிடித்துக்கொண்டாள்.

"வலிக்கவே இல்லையே" என்றாள் மகள். வலித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள். தன் உடம்பில் ஓர் இடம் வெந்துகொண்டிருந்தபோது தான் அங்கே இல்லாமல் போனது அவளை நடுங்க வைத்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள், "பார்த்துட்டுதான் முடியைப் போட்டு மூடினியா?"

அம்மா ஆமாம் என்று தலையை அசைத்தாள்.

"இனிமே என் தலையில நீ கை வைக்காதே."

சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் அம்மா பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பாள். மகள் சாதாரணமாகச் சொன்னாள். குளிர்ந்த தண்ணீரில் காட்டு, ஐஸ் வைக்காதே என்று அம்மா சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு, தானே குழாயைத் திறந்து, தானே தலையைச் சாய்த்து, காதைத் தண்ணீரில் காட்டினாள். அம்மா பக்கத்தில் துண்டோடு நின்றாள். துண்டைப் போர்த்தக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்பாவுக்குப் போன் போனது. யாருக்கோ வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், பாதியில் இறக்கிவிட்டு வந்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. மகளின் காதைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார், கார்க் கதவைத் திறந்தார். அது கற்றுக்கொடுக்கும் கார். ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. போகிற வண்டியில் அம்மா பயந்து பயந்து அதை மிதிப்பாள் என்பதால் அவளுக்கு எப்போதும் பின் இருக்கைதான். இன்று அவர் சொல்லாமலே பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

டாக்டர் ஒரு சின்ன விளக்கை வைத்துக் காதின் முன்னும் பின்னும் பார்த்தார். பின்னால் தையல் போட்ட மடிப்பை விரலால் தடவினார். அப்புறம் நிமிர்ந்து, எப்படி ஆச்சு என்று கேட்டார்.

"நானேதான் டாக்டர். டிரையர் போட்டேன்" என்றாள் மகள்.

இதை அம்மா எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் பஞ்சு எடுத்துக்கொண்டிருந்த நர்ஸ், அம்மா கடையில் முடி வெட்டிக்கொள்பவள். வெளியே சீட்டுக் கொடுக்கும் பெண்ணும் அப்படியே. பார்லர்காரி பெற்ற மகளின் காதையே சுட்டுவிட்டாள் என்று ஒரு பேச்சுக் கிளம்பினால் தெரு முனையைத் தாண்டுவதற்குள் அது ஊர்ப் பேச்சாகிவிடும். மகள் கோபத்தில் இருந்தாள். ஆனாலும் அம்மாவை மூடி மறைத்துக் காப்பாற்றினாள். அந்த வீட்டில் அன்பை அப்படித்தான் காட்டிப் பழக்கம்.

அம்மா ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தாள். சும்மா இருந்திருக்கலாம். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

"இல்ல டாக்டர், நான்தான் சுட்டேன்" என்றாள். "அவளுக்கு உணர்ச்சி இல்லைன்னு தெரிஞ்சும் சூடா இருக்கான்னு அவளையே கேட்டுக்கிட்டு நின்னேன். கொப்புளம் வந்ததைப் பார்த்துட்டு முடியைப் போட்டு மூடினேன். அவ பார்க்காம இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்கே தெரியலை."

நர்ஸ் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் திட்டுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் திட்டவில்லை. இப்படி வருவதைப் பார்த்திருக்கிறேன், சுடுகிறது என்று சொல்ல வேண்டிய காதே மௌனமாகிவிட்டால் யார்தான் என்ன செய்வது என்றார். ஆனால் அவர் அடுத்து விளக்கியது திட்டைவிடக் கனமாக இருந்தது. காதுக் குருத்தெலும்புக்கு என்று தனியாக ரத்தம் கிடையாது. மேலே இருக்கிற தோல்தான் அதற்குச் சோறு போடுகிறது. கொப்புளத்துக்குக் கீழே தோல் உயிரோடு இருந்தால் ஒரு தழும்பும் இல்லாமல் ஆறிவிடும். இல்லையென்றால், உள்ளே காதைப் பிடித்து வைத்திருக்கிற தையல் வெளியே தெரியலாம். சீழ் வைத்தால் அந்தத் தையலை எடுக்க வேண்டியும் வரலாம்.

"எடுத்தா?" என்று மகள் கேட்டாள்.

"அந்தக் காது கொஞ்சம் முன்னால வரலாம்" என்றார் டாக்டர். "இப்பவே அதை நினைச்சுப் பயப்பட வேண்டாம். இன்னைக்குத் தோல் ரெண்டுங்கெட்டானா இருக்கு. நாளன்னைக்கு வாங்க. நடுவுல எது வித்தியாசமா பட்டாலும் நேரம் பார்க்காம வாங்க."

களிம்பு தடவி, பஞ்சு வைத்து, இடது காதுக்கு மட்டும் சின்னதாக ஒரு கட்டுப் போட்டார்கள். முடி மேலே படக் கூடாது என்று நர்ஸ் ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, மகளின் முடியை மொத்தமாகச் சுருட்டி உச்சிப் பக்கத்தில் முடிச்சாகப் போட்டாள். அப்படி ஒரு கோணல் கொண்டையைப் பார்த்தால் அம்மாவின் கை சும்மா இருக்காது. இன்று அவள் இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஹோட்டலுக்கு நேரமாகிவிட்டிருந்தது. நாளைக்குப் போகலாம், போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று அம்மா சொன்னாள். மகள் இன்றைக்கே போகிறேன் என்றாள். வலது காது நன்றாகத்தான் இருக்கிறது, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி நின்று படம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். அப்பா ஹோட்டல் பக்கம் வண்டியைத் திருப்பினார்.

சிக்னல் சிவப்பில் நின்றபோது மகள், திரும்பாமலே, முன்னால் பார்த்தபடி கேட்டாள்.

"அம்மா, என் காது உனக்குப் பிடிக்கவே பிடிக்காதா?"

எத்தனையோ வருஷமாகக் கேட்காத கேள்வி. கேட்டுவிட்ட பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அப்பாவின் பின்னந்தலையையும் அதன் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த காதுகளையும் பார்த்தாள்.

"உன் காதைப் பிடிக்காம இல்ல பாப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி இவரை முதல்ல வீட்ல வச்சுப் பார்த்தேன். இவர் கிளம்பினதும் நானும் என் தங்கச்சியும் உள்ளே உட்கார்ந்து சிரிச்சோம். இந்தக் காதைச் சொல்லிச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிச்சோம். நீ பொறந்ததும் நர்ஸ் உன்னைக் கையில குடுத்தா. காதைப் பார்த்தேன். எவளோ ரெண்டு பேர் ஒரு ரூம்ல உட்கார்ந்து என் பொண்ணைச் சொல்லிச் சிரிப்பாளுங்கன்னு தோணுச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். உன் காதுல ஒண்ணும் இல்ல. நான் சிரிச்ச சிரிப்புதான் என்னை விடலை."

பின்னால் இருந்து ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து நேரமாகியிருந்தது. அப்பா கியர் போட்டார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?" என்று அம்மா கேட்டாள்.

"நீங்க சிரிச்சது. நான் கிளம்பலை. வாசல்ல நின்னு செருப்பு மாட்டிக்கிட்டு இருந்தேன். இவ்வளவு பெரிய காதை வச்சுக்கிட்டு அதுகூடக் கேக்கலைன்னா எப்படி?"

அம்மா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். "கேட்டுமா கட்டிக்கிட்டீங்க?"

"சிரிப்பு நல்லா இருந்துச்சு" என்றார் அப்பா. கண்ணாடியைப் பார்த்துவிட்டு இடது பக்கம் ஒதுக்கினார்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் காதுக்குப் பின்னால் இழுத்தது, சிரிப்பை அடக்கினாள், அடக்கினதில் அழுகை வந்துவிட்டது. அம்மா பின்னால் இருந்து கைக்குட்டையை நீட்டினாள். மகளின் தோள் வரைக்கும் கொண்டுபோய், அங்கேயே நிறுத்திக்கொண்டாள். மகள் அதை வாங்கிக்கொண்டாள்.

ஹோட்டலின் பக்கவாட்டு வாசலில் வண்டி நின்றது. வேலை பார்ப்பவர்கள் உள்ளே போகும் வழி அது. மகள் இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக் கதவுக்குள் மேனேஜர் அம்மா நிற்பது தெரிந்தது. பக்கத்தில் கேமராவைக் கழுத்தில் மாட்டியபடி ஒருவர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் தள்ளப் போனவள், கொண்டை சரியாக நிற்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். கை அப்படியே கீழே இறங்கிக் கட்டின்மேல் பட்டது. காதில் ஒன்றும் தெரியவில்லை. விரலில்தான் தெரிந்தது. விரலை முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். மஞ்சளாக ஓர் ஈரம்.

உள்ளே போய்விடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. வலது காது தெரிகிற மாதிரி நின்றால் போதும். ஒரே ஒரு படம், அதற்குள் என்ன ஆகிவிடப் போகிறது. மேனேஜர் அம்மா அவளைப் பார்த்துவிட்டுக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

மகள் திரும்பி வண்டிக்கு வந்தாள். முன் கதவைத் திறக்காமல் பின் ஜன்னல் பக்கம் போய்க் குனிந்து, தலையை அம்மாவிடம் கொடுத்தாள்.

"ஈரமா இருக்கும்மா. பாரு."

அம்மா தன் கைகளை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் அந்தத் தலையைப் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"கசியுது பாப்பா" என்றாள். "உள்ளே போக வேண்டாம். ஏறு."

அப்பா இன்ஜினை அணைத்திருக்கவே இல்லை.